ஆறு நாள் பிந்திய எலிகள்

1

போன கிழமைக் கப்பல் தபாலில் அண்ணையின் கடிதம் வந்தது. வழக்கமாக மழை, புகையிலை, கோயில் வழக்கு என்று மூன்று பக்கம் எழுதுகிறவர், இந்த முறை அரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். மருதனார்மடச் சந்தையில் யாரோ ஒருவர் அவரை மறித்து, "மாஸ்டர், உங்கடை தம்பி சீமையிலை எலி பிடிக்கிறாராம், மெய்யோ?" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்களாம். அண்ணை பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியார். கத்தரிக்காயை வாங்காமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"உள்ளதை உள்ளபடி எழுது தம்பி. ஆரும் கேட்டால் நான் மறுமொழி சொல்லவேணுமெல்லோ. நீ அங்கை என்னதான் செய்யிறாய்?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணைக்கு மட்டும் எழுதினால் போதாது. சிரித்த நாலு பேருக்கும் போய்ச் சேர வேண்டும். ஆகவே பத்திரிகைக்கே எழுதுகிறேன். இந்த ஐப்பசியோடு நான் இந்தக் குளிர் ஊருக்கு வந்து ஏழு வருடமாகிறது. ஏழு வருடத்தில் ஒரு எலியைக்கூட நான் பிடித்ததில்லை. எலிகள் கூட்டில், இலக்க அட்டையோடு, எங்கள் ஆய்வுசாலைக்கு வந்து சேர்கின்றன. எல்லாம் வெள்ளை எலிகள். அவற்றுக்கு இங்கே கிடைக்கிற பாலும் பாண் ரொட்டியும் சந்தையில் சிரித்தவர்களுக்குக் கிடைக்கிறதோ தெரியாது. கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆனால் அந்த வரியை அடிக்க மாட்டேன்.

2

நான் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடச் சீனியர் சோதனையில் கணக்கில் தவறி, மலாயாவுக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணத்தார் பலரில் ஒருவன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இறந்தவர்களின் உறுப்புத் துண்டுகளை மெழுகில் பதித்து, மயிரிலும் மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் போடுகிற வேலை. கத்தி சற்றுத் தடுமாறினாலும் சீவல் கிழியும். என் கத்தி தடுமாறுவதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. அங்கே எனக்கு மேலாக இருந்த ஆங்கில டாக்டர் தன் நாட்டுக்குத் திரும்பி ஒரு சர்வகலாசாலையில் சேர்ந்ததும், "செல்லையா, உன் கை எனக்கு வேண்டும், குடும்பத்தோடு வா" என்று எழுதினார். மனைவி பூரணத்தையும் ஏழு வயது மகள் ராணியையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இனி வேலையைப் பற்றி. மூளைக்கு அடியில், எலும்புக் குழி ஒன்றில், பிட்யூட்டரி என்று ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. மனிதருக்குக் கடலை அளவு. எலிக்கு உழுத்தம் பருப்பில் பாதியும் வராது. உடம்பின் மற்றச் சுரப்பிகளை அதட்டி வேலை வாங்குவது அதுதான். பெண்ணின் வயிற்றில் முட்டை விளையும் சூலகத்தை நடத்துவதும் அதுவே. சூலகமும் சும்மா இருப்பதில்லை. ஈஸ்ட்ரின் என்ற சாற்றைச் சுரந்து மேலே மறுமொழி அனுப்பிக்கொண்டிருக்கும். வயது போனால் சூலகம் ஓய்ந்துவிடும், மறுமொழியும் நின்றுவிடும். அப்படிப்பட்ட வயது போன பெண் எலிக்கு அந்தச் சாற்றை ஊசியால் ஏற்றினால் மேலே உள்ள சுரப்பி அதைக் கேட்குமா, அல்லது அதற்கும் காது அடைத்துப்போயிற்றா? இதுதான் எங்கள் டாக்டரின் கேள்வி.

கேட்டதா இல்லையா என்று பார்ப்பது என் வேலை. சுரப்பியைச் சீவிச் சாயம் போட்டால் உயிரணுக்கள் மூன்று விதமாகத் தெரியும். சில செம்பரத்தம்பூச் சிவப்பு. சில நீலம். மற்றவை ஒரு சாயமும் பிடிக்காமல் வெளிறிக் கிடக்கும். சாயத்தைப் பிடிப்பவை உயிரணுவுக்குள்ளே சேர்த்து வைத்த நுண்ணிய மணிகள். ஈஸ்ட்ரினைத் தொடர்ந்து ஏற்றினால் அந்த மணிகள் தீர்ந்துபோகும், வெளிறினவை பெருகும், சுரப்பியே வீங்கும். இளம் எலிகளில் இதைப் பல நாட்டவர்கள் பார்த்துவிட்டார்கள். கிழட்டு எலிகளில் பார்ப்பதற்கு முதலில் கிழட்டு எலி வேண்டும். அதற்கு இரண்டு வருடம் தீன் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையும் நான்தான் செய்தேன். அவற்றுக்கு ஆச்சிமார் என்று பெயர் வைத்தேன். டாக்டருக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. வெள்ளைக்காரர் வாயில் அது "ஆட்ச்சிமா" என்று வரும்.

எண்ணுவதும் நானே. ஒரு சீவலில் ஆயிரம் உயிரணுக்கள் எண்ணவேண்டும், சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை, வெளிறல் எத்தனை என்று. டாக்டர் ஒருமுறை எண்ணுவார், நான் ஒருமுறை எண்ணுவேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் அவர் தன்னுடையதை அடித்துவிடுவார்.

3

காலை எட்டரைக்கு ட்ராம். ஒன்பதுக்கு எலிகளுக்குத் தீன். பிறகு ஊசி. கொல்லும் நாட்களில் ஈதர் நனைத்த பஞ்சு போட்ட கண்ணாடிச் சாடி. ஒரு நிமிடத்தில் தூங்கி, தூக்கத்திலேயே போய்விடும். மாலையில் வீட்டு வாசலில் பூரணம் நிற்பாள்.

"இண்டைக்குச் சாடியோ?"

"ஓம்."

"அப்ப உங்கை நில்லுங்கோ. சுடுதண்ணி வைச்சிருக்கிறன். தோய்ஞ்சுபோட்டுச் சாப்பாட்டிலை தொடுங்கோ."

பனி கொட்டுகிற மாதத்திலும் எனக்குத் தலைமுழுக்கு உண்டு. அயல் வீட்டுக் கிழவி எனக்கு ஏதோ தோல் வியாதி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மிருகங்களில் பரிசோதனை செய்ய இங்கே அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வருடம் ஒருமுறை உத்தியோகத்தர் ஒருவர் வந்து கூடுகளை எண்ணுவார், கொன்ற நாட்களைப் பதிந்த கொப்பியைப் புரட்டுவார், ஒரு படிவம் நீட்டுவார். படிவத்தில் பிறந்த நாடு என்ற இடத்தில் கந்தோர்க் கிளாக்கர் 'இந்தியா' என்று அடித்து அனுப்பியிருப்பார். நான் வெட்டி 'இலங்கை' என்று எழுதுவேன். வெட்டிய படிவம் செல்லாது என்று திரும்பி வரும். புதுப் படிவத்திலும் இந்தியா. மூன்றாம் வருடம் டாக்டரே ஒரு கடிதம் எழுதினார். அதன் பின் 'இலங்கை, இந்தியா' என்று வருகிறது. சண்டை இன்னும் முடியவில்லை.

ராணிக்கு இப்போது பதினாலு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீசில் மறுமொழி வரும், நான்தான் அதை இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். தெருவில் நான் 'அப்பா' அல்ல, 'டாடி'. போன வருடம் பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூடும் நாள் வந்தபோது, "அப்பா, நெத்தியிலை அது வேண்டாம், ப்ளீஸ்" என்றாள். நான் தெருமுனையில் நின்று கைலேஞ்சியால் விபூதியைத் துடைத்தேன். துடைத்த கையோடு கோபம் வந்தது. யார் மீது என்று கேட்டால், என் மீதுதான்.

4

இனிச் சொல்லப்போவது என் பிழை.

எங்கள் வீட்டில் கந்தசஷ்டி ஆறு நாளும் உயிர்க் கொலை இல்லை. என் ஐயா புகையிலை நாற்று மேடையில் ஒவ்வொரு விடியற்காலையும் புழு பொறுக்கி நசுக்குவார். அந்த ஆறு நாளில் மட்டும் நசுக்க மாட்டார். பொறுக்கிச் சிரட்டையில் சேர்த்து, வேலிக்கு அப்பால் பக்கத்துக் காணிக்குள் கொட்டிவிடுவார். பக்கத்துக் காணிக்காரர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், அவருக்குச் சஷ்டி இல்லை. "அவர் நசுக்கட்டும், பாவம் அவருக்கு" என்று ஐயா கணக்குத் தீர்த்துக்கொள்வார். நானும் ஐயாவின் மகன்தான். இங்கே வந்த வருடம் முதல், ஊசி தொடங்கும் நாளை முன்பின் தள்ளி, கொல்லும் நாள் சஷ்டியில் விழாதபடி ஒழுங்கு செய்து வந்தேன். டாக்டருக்குச் சொன்னதில்லை. இங்கே கோயிலைப் பற்றி வாய் திறந்தால் அடுத்த கேள்வி பாம்பாட்டியைப் பற்றி வரும்.

பஞ்சாங்கத்தில் வேண்டிய பக்கங்களை அண்ணை ஒவ்வொரு ஆவணியிலும் அனுப்புவார். மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தபால் பிந்திவிட்டது. நான் என் கணக்கை நம்பினேன். அமாவாசை வருடத்துக்குப் பதினொரு நாள் முந்தும், சஷ்டியும் முந்தும் என்று கணக்குப் போட்டு ஊசி நாட்களைக் குறித்தேன். சில வருடம் அது முந்தாமல் பின்னுக்குத் தாவும் என்பதை மறந்துபோனேன். சீனியர் சோதனையில் என்னைத் தவறவைத்த அதே கணக்கு.

அந்த முறை ஊசி போட்ட ஆச்சிமார் இரண்டு கூடு, கூட்டுக்கு ஆறு பேர். கடைசி ஊசி போட்ட மறுநாள் கொல்ல வேண்டும் என்பது திட்டம். முதல் கூடு திட்டப்படி முடிந்தது. இரண்டாவது கூட்டுக்கு நான் கடைசி ஊசி போட்ட அன்று மாலை பஞ்சாங்கம் வந்து சேர்ந்தது. பார்த்தால், அன்றுதான் அமாவாசை. மறுநாள் சஷ்டி தொடக்கம்.

"இஞ்சாருங்கோ, விட்டிடுங்கோ. ஆறு நாளைக்கு அதுகள் சீவிக்கட்டன். கிழடுகள்தானே, ஆருக்கு என்ன நட்டம்?" என்றாள் பூரணம்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருடம் இருந்தவை இன்னும் ஆறு நாள் இருந்தால் என்ன குறைந்துவிடும்? டாக்டரும் அந்தக் கிழமை லண்டனில். நான் பாலும் பழமுமாக விரதம் இருந்தேன். ஆச்சிமாரும் பால் குடித்தார்கள். ஏழாம் நாள் பாறணை முடித்துவிட்டுப் போய்ச் சாடியை எடுத்தேன். கொன்ற நாளைக் கொப்பியில் சரியாகவே பதிந்தேன். ஆனால் கண்ணாடித் தகடுகளில் இலக்கம் மட்டும்தான் எழுதுவோம். டாக்டர் கொப்பியைப் பார்ப்பதில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

5

சீவி, சாயம் போட்டு, எண்ணி முடிக்க மூன்று மாதம் எடுத்தது. முதல் கூட்டில் எதிர்பார்த்ததுபோல உயிரணுக்கள் வெளிறிப்போய் இருந்தன. இரண்டாவது கூட்டின் முதல் தகட்டை வைத்துக் குனிந்தேன். சிவப்புச் சிவப்பாக மணிகள். நீலமும் அங்கங்கே. ஊசியே போடாத எலியோ என்று ஐமிச்சப்படும் அளவுக்கு.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஊசி நின்ற ஆறு நாளில் அவை மணியைத் திரும்பச் சேர்த்திருக்கின்றன.

டாக்டருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? அவர் மேசையைச் சுற்றி நடந்தார். நடனம் என்றே சொல்லலாம். இரண்டு கூட்டு எலிகளும் வெவ்வேறு தாய் வழி. "செல்லையா, பார்! ஒரு குடும்பத்தில் வயதானதும் சுரப்பி செவிடாகிறது, மற்றக் குடும்பத்தில் இல்லை! இதை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை" என்றார். அடுத்த மாதம் பெரிய சபை ஒன்றில் இதை வாசிக்கப் போவதாகச் சொல்லி, அன்றைக்கே எழுதத் தொடங்கினார்.

பதினொரு நாள் நான் பேசாமல் இருந்தேன். சொன்னால், இரண்டு வருடம் வளர்த்த ஆறு ஆச்சிமார் வீண். என் வேலையும் போகும், மலாயாவில் இருந்து கூட்டி வந்தவரின் நம்பிக்கையும் போகும். சொல்லாவிட்டால், அவர் சபையில் பொய் வாசிப்பார். இன்னொருவர் செய்து பார்ப்பார், அப்படி வராது. அவருடைய பெயர் கெடும், கெடுத்தவன் நானாக இருப்பேன். பூரணத்திடம்கூடச் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டு மேசையடியில் இருந்துகொண்டு அட்டவணையைச் சுத்தமாகப் பிரதி பண்ணிக்கொண்டிருந்தேன். ராணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கணக்கில் அவள் என்னைப்போல இல்லை, தாயைப்போல.

"ஏன் அப்பா இந்தக் கூடு மட்டும் டிஃபரன்ட்?"

ஏனோ தெரியவில்லை, அவளிடம் சொல்லிவிட்டேன். பஞ்சாங்கம் பிந்தியது முதல் பாறணை வரை, முழுவதும்.

"நீங்கள் டாக்டருக்குச் சொன்னீங்களோ?"

"அவர் கேக்கேல்லை, பிள்ளை. கொப்பியிலை எழுதியிருக்கு."

"அவர் கொப்பி பாக்கமாட்டார் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

நான் பேனையை மூடினேன். அவள் விடவில்லை. "முருகனுக்குப் பயந்து நீங்கள் ஆறு நாள் கொல்லேல்லை. இப்ப டாக்டருக்குப் பயந்து வாய் திறக்கிறியள் இல்லை. உங்களுக்கு ஆரிலை அப்பா கூடப் பயம்?"

கன்னத்தில் ஒன்று கொடுக்கலாம் என்றுதான் கை எழும்பியது. எழும்பிய கை அப்படியே மேசையில் இறங்கிவிட்டது. என்னை இப்படிக் கேட்கிற துணிவு பண்டத்தரிப்பில் வளர்ந்திருந்தால் அவளுக்கு வந்திருக்குமா என்று யோசித்தேன். இந்த நாடு அவளைக் கெடுத்துப்போட்டது என்று அதுவரை பூரணத்திடம் புலம்பிக்கொண்டிருந்தவன் நான்.

6

மறுநாள் டாக்டரின் அறைக்குள் போய், இருக்கச் சொல்லியும் இருக்காமல், நின்றபடியே சொன்னேன். கையில் கொப்பி.

அவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். இரண்டு தேதியையும் விரல் வைத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஆறு நாள்! இதை ஏன் அன்றைக்கே எனக்குத் தந்தி அடிக்கவில்லை?"

"நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்."

"சிரித்திருப்பேன். சிரித்துவிட்டு, லண்டனில் இருந்து ரயிலேறி வந்து அவற்றை நானே கொன்றிருப்பேன். உனக்கும் பாவமில்லை, எனக்கும் நட்டமில்லை." ஐயாவின் வேலி ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு முட்டியது. நல்லவேளை, சிரிக்கவில்லை. அவர் எழுதிய தாள்களை மேசையில் அடித்து வைத்தார். "வீட்டுக்குப் போ செல்லையா. நாளைக்கும் வரவேண்டாம்."

இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். பூரணம் பெட்டியைத் திறந்து கம்பளிச் சட்டைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். "ஊருக்குப் போனால் உதுகள் என்னத்துக்கு?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எலிகளை விட்டுவிடச் சொன்னது தான்தான் என்று அழுதாள். "நீர் அழாதையும், தேதி பிழைச்சது நான்" என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மூன்றாம் நாள் காலை கதவில் தட்டுகிற சத்தம். மழையில் குடையும் இல்லாமல் டாக்டர் நிற்கிறார். உள்ளே வரச் சொன்னதும் பூரணம் தேத்தண்ணி வைத்தாள். அவர் வாய் வைக்கவில்லை.

"ஊசி போடாமல் மிச்சம் எத்தனை ஆச்சிமார்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு."

"ஒரே தாய் வழியா?"

"ஒரே வழி."

"எல்லாவற்றுக்கும் ஊசி போடுவோம். ஆறை மறுநாள் கொல்வோம். ஆறை ஏழாம் நாள். இந்த முறை வேண்டுமென்றே. தகட்டு இலக்கங்களை நான் மறைத்து வைப்பேன். எது எது என்று தெரியாமல் நீ எண்ண வேண்டும்." கதவடிக்குப் போய்த் திரும்பினார். "சபையில் வாசிக்கவில்லை என்று எழுதிவிட்டேன். வேறு கை எனக்குக் கிடைக்காது, செல்லையா. சட்டையைப் போட்டுக்கொண்டு வா."

ஊசி போட்டோம், கொன்றோம், சீவினோம். எது எந்தக் கூடு என்று தெரியாமல் நான் எண்ணினேன். என் வாழ்க்கையில் அத்தனை கவனமாக நான் எதையும் எண்ணியதில்லை. எண்ணி முடிந்த பிறகு டாக்டர் மறைத்து வைத்த தாளை எடுத்து என் எண்களுக்கு அருகில் வைத்தார். மறுநாள் கொன்ற ஆறும் வெளிறல். ஏழாம் நாள் கொன்ற ஆறிலும் மணிகள் திரும்பியிருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

குடும்பமும் இல்லை, செவிடும் இல்லை. கிழட்டுச் சுரப்பி ஊசியின் சொல்லைக் கேட்கிறது. ஊசி நின்றால், அந்த வயதிலும், தன் மணியைத் தானே திரும்பச் சேர்க்கிறது. வயது போனால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் அப்படி இல்லை என்று கண்டோம். எங்களுடைய எலிகளில் கண்டோம் என்று மட்டும்தான் டாக்டர் சொல்வார். அவர் கவனமான மனிதர். நான் கொஞ்சம் கூடச் சொல்கிறேன். பொய்யாகத் தொடங்கியிருந்த கண்டுபிடிப்பைவிட இது எத்தனையோ மடங்கு பெரியது. அதில் எனக்குள்ள பெருமையை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

7

அது அச்சாகி வர இவ்வளவு காலம் எடுத்தது. நேற்று மாலை டாக்டர் ஒரு பிரதியை உறையில் போட்டு என்னிடம் தந்தார். "வீட்டில் போய்ப் பார்" என்றார்.

மேசையில் வைத்தோம். பூரணம் கை கழுவிவிட்டு வந்தாள். ராணிதான் வாசித்து, தாய்க்காகத் தமிழில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் தடக்கியது. தடக்கிய இடத்தில் நின்று, சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னாள். தலைப்புக்குக் கீழே டாக்டரின் பெயர். அதற்குப் பக்கத்தில், 'உம்' போட்டு, என்னுடையது. இரண்டாம் பக்கத்தில், பரிசோதனை எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்லும் இடத்தில் இப்படி இருந்தது: முதல் தொகுதியில் ஒரு கூட்டு எலிகளை உதவியாளர் தம் சமய விரதத்தின் பொருட்டு ஆறு நாள் கொல்லாமல் வைத்திருந்தார், இந்த ஆராய்ச்சியின் கேள்வி அந்தக் கூட்டிலிருந்தே பிறந்தது, அதை அவரே எமக்குத் தெரிவித்தார்.

அந்த இடத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருக்கிற பெரிய பெரிய டாக்டர்மார் எங்கள் சஷ்டியின் ஆறு நாளை விரல் வைத்து வாசிக்கப்போகிறார்கள். அது என்ன விரதம் என்று ஒருவராவது கேட்காமலா விடுவார்?

"முருகன்ரை பேர் போடேல்லையோ?" என்று கேட்டாள் பூரணம்.

"இல்லை அம்மா. ஆறு நாள் எண்டு போட்டிருக்கு."

"அப்ப சரி. அவருக்கு விளங்கும்."

ராணி பிரதியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. 'அதை அவரே எமக்குத் தெரிவித்தார்' என்ற கடைசி வரியில் விரலை வைத்தேன்.

"பிள்ளை, என்ரை பேர் மேலை கிடக்கு. இந்த வரி உன்ரை."

"தெரியும் அப்பா," என்றாள் அவள், தமிழிலேயே.